ஆங்கிலம் பழகுவோம்: ‘வில்’ ஒன்றே எதிர்காலமா?

சென்ற இதழ்களில் ஆங்கில வினைச்சொல்லின் இறந்த காலத்தையும் நிகழ்காலத்தையும் கண்டோம். எஞ்சி நிற்பது எதிர்காலம். “இது எளிதாயிற்றே! வினைக்கு முன்னால் ‘வில்’ என்றோ ‘ஷல்’ என்றோ ஒரு சொல்லைச் சேர்த்தால் எதிர்காலம் வந்துவிடுமே!” என்று வாசகர் பலர் எண்ணக்கூடும். நம்மிற் பெரும்பாலோர் பள்ளியில் கற்றதும் அவ்வளவே. ஆயினும் அந்த ஒரு விதியை மட்டும் கையில் வைத்துக்கொண்டு ஆங்கிலம் எழுதப் புகுவோர் அடிக்கடி இடறுகின்றனர். அந்த இடறல் எங்கிருந்து வருகிறது, அதைத் தவிர்ப்பது எங்ஙனம் என்பதை இம்மாதம் ஆராய்வோம்.

நம் பகுதிக் குடும்பங்களுக்கு இப்பாடம் பெரிதும் வேண்டப்படுவதாகும். இராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று பாலாற்றுப் படுகையெங்கும் தோல் தொழில் வேரூன்றியிருக்கிறது. 2019-இல் வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் என மாவட்டம் மூன்றாகப் பிரிந்த பின்னும் பிழைப்பு ஒன்றாகவே இருக்கிறது. இங்கே பதனிட்ட தோலும் தைத்த காலணியும் இத்தாலி, ஜெர்மனி, இங்கிலாந்து, அமெரிக்கா முதலிய நாடுகளுக்குச் செல்கின்றன. படிப்பை முடித்த நம் பிள்ளைகள் பலர் ஷூ கம்பெனி அலுவலகங்களில் அமர்ந்து அந்நாட்டவரோடு கடிதத் தொடர்பு கொள்கின்றனர். அக்கடிதங்களில் வரும் கேள்விகள் யாவை? சரக்கு எப்போது புறப்படும்? எத்தனை ஜோடி முடிந்திருக்கும்? தோல் வந்து சேர்ந்ததும் என்ன செய்வீர்கள்? அத்தனையும் எதிர்காலம்! ஆகவே எதிர்காலம் எழுதத் தெரியாதவர் அந்த நாற்காலியில் அமர்ந்து பாதி வேலையைத்தான் செய்ய இயலும்.

தமிழில் எதிர்காலம்

முதலில் நம் வீட்டு மொழியை நோக்குவோம். தமிழில் காலத்தைக் காட்டுவது வினையின் நடுவே நிற்கும் இடைநிலை. எதிர்கால இடைநிலைகளாக நன்னூலார் ‘ப்’, ‘வ்’ என்னும் இரண்டைக் கூறுகிறார். படிப்பான், நடப்பாள் என்பவற்றில் ‘ப்’. வருவான், செய்வாள் என்பவற்றில் ‘வ்’. இவ்வளவு தெளிவாக எதிர்காலத்தை அடையாளம் காட்டும் உறுப்பு நம் மொழியில் இருக்கிறது.

ஆனால் அந்த உறுப்பு எதிர்காலம் ஒன்றையே சொல்லி நிற்பதில்லை. “அப்பா நாள்தோறும் காலை ஆறு மணிக்கு வேலைக்குப் போவார்” என்கிறோம். இங்கே ‘போவார்’ என்பது நாளை நிகழப்போகும் செயலன்று, அவருடைய வழக்கம். “பசு பால் தரும்”, “சூரியன் கிழக்கே உதிக்கும்” என்பனவும் இத்தகையனவே. இன்னும் வியப்பு, சென்று முடிந்த காலத்தின் வழக்கத்தையும் இதே வடிவத்தால் சொல்கிறோம்: “அந்தக் காலத்தில் தாத்தா மாட்டுவண்டியில் தோல் ஏற்றிக்கொண்டு செல்வார்.” தாத்தா மறைந்து நாற்பது ஆண்டுகள் ஆகியிருக்கலாம், வினையோ எதிர்கால வடிவில் நிற்கிறது!

பிழையின் முதல் ஊற்று இதுவே. தமிழில் எண்ணி ஆங்கிலத்தில் எழுதும் மாணவன், “மை ஃபாதர் வில் கோ டு வொர்க் எவ்ரி டே” என்று எழுதிவிடுகிறான். வழக்கத்தைச் சொல்வதற்கு ஆங்கிலத்தில் உரியது தனி நிகழ்காலம்: “மை ஃபாதர் கோஸ் டு வொர்க் எவ்ரி டே.” சூரியன் உதிப்பதும் அப்படியே: “த சன் ரைசஸ் இன் த ஈஸ்ட்.” தாத்தாவின் வண்டிக்கு ‘யூஸ்ட் டு’ வேண்டும்: “மை கிராண்ட்ஃபாதர் யூஸ்ட் டு கேரி ஹைட்ஸ் இன் எ புல்லக் கார்ட்.” எனவே ‘வில்’ எழுதுமுன் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுமாறு பிள்ளைகளைப் பழக்குங்கள்: ‘இது இனிமேல் நிகழப்போவதா, வழக்கமாக நிகழ்வதா?’ இவ்வொரு கேள்வி பாதிப் பிழைகளை நீக்கிவிடும்.

‘வில்’லும் உயிலும்

இனி ஆங்கிலத்துக்கு வருவோம். ‘வாக்’ என்னும் வினை இறந்த காலத்தில் ‘வாக்ட்’ என்று ஈறு பெறுகிறது. எதிர்காலத்துக்கோ அம்மொழியில் ஈறே கிடையாது. ஆகவே ஆங்கிலத்தில் முறையான எதிர்காலம் என்று ஒன்று இல்லை என்று கூறும் இலக்கண அறிஞரும் உளர். அது வேறு சொற்களைக் கடன் வாங்கித்தான் எதிர்காலத்தைச் சொல்கிறது.

அவற்றுள் ‘வில்’ என்பது பழைய ஆங்கிலத்தில் ‘விரும்புகிறேன்’ என்று பொருள்பட்ட வினை. விருப்பம் என்னும் அப்பொருள் இன்றும் மறையவில்லை. ஒருவர் தம் சொத்து இன்னார்க்குச் சேரவேண்டும் என்று தம் விருப்பத்தை எழுதிவைக்கும் பத்திரத்துக்கு ஆங்கிலத்தில் ‘வில்’ என்றே பெயர். அச்சொல்லே நம் நாவில் ‘உயில்’ ஆயிற்று. இலக்கண வகுப்பில் நம்மை மிரட்டும் சொல், நெடுநாளாக நம் வீட்டுப் பெட்டியில் பத்திரமாக உறங்கிக்கொண்டிருக்கிறது!

‘ஷல்’ என்பதன் பழைய பொருள் ‘கடன்பட்டிருக்கிறேன்’ என்பது. அதிலிருந்து கடமை, கட்டளை என்னும் பொருள்கள் கிளைத்தன. பத்துக் கட்டளைகளின் பழைய ஆங்கில மொழிபெயர்ப்புகளில் விலக்குகள் எல்லாம் ‘ஷல்ட் நாட்’ என்னும் சொற்களோடு வருவதை நம் வாசகர் சிலர் கண்டிருப்பர்.

இவ்விரு சொற்களுக்கும் பங்கு பிரித்துக் கொடுத்தவர் ஜான் வாலிஸ் என்னும் ஆங்கிலேயர். அவர் ஆக்ஸ்ஃபோர்டில் கணிதப் பேராசிரியர். முடிவிலியைக் குறிக்கக் கணிதத்தில் இன்று வழங்கும் குறியை 1655-இல் வெளியிட்டவரும் அவரே. 1653-இல் இலத்தீன் மொழியில் அவர் எழுதிய ஆங்கில இலக்கண நூலில் இவ்விதி காணப்படுகிறது. தன்மையில் ‘ஷல்’ வந்தால் வெறும் முன்னறிவிப்பு. ‘வில்’ வந்தால் உறுதிமொழி. முன்னிலையிலும் படர்க்கையிலும் இது தலைகீழாகும்; அங்கே ‘வில்’ முன்னறிவிப்பு, ‘ஷல்’ கட்டளை அல்லது வாக்குறுதி. 1930-களில் வெளிவந்து இந்தியப் பள்ளிகளில் தலைமுறை தலைமுறையாகப் பயிலப்பட்ட ரென், மார்ட்டின் ஆகியோரின் இலக்கண நூல் வழியாக இவ்விதி நம் ஊர்களுக்கும் வந்து சேர்ந்தது.

இன்றைய வழக்கு இதினும் எளிது. பேச்சிலும் பொதுவான எழுத்திலும் மூவிடத்துக்கும் ‘வில்’ ஒன்றே போதும். ‘ஷல்’ பெரும்பாலும் இரண்டு இடங்களில் வாழ்கிறது. ஒன்று, பிறர் விருப்பத்தைக் கேட்கும் வினா: “ஷல் ஐ ஓபன் த விண்டோ?” ‘சன்னலைத் திறக்கட்டுமா?’ என்னும் நம் ‘அட்டுமா’வுக்கு நேரானது இது. மற்றொன்று சட்டமும் ஒப்பந்தமும். அதைப் பின்னர்க் காண்போம்.

எதிர்காலத்தின் பல வாயில்கள்

எதிர்காலத்தைச் சொல்ல ஆங்கிலத்தில் வாயில்கள் பல உண்டு. பேசுபவர் அச்செயலை எவ்வளவு உறுதியாகப் பற்றியிருக்கிறார் என்பதைப் பொறுத்து வாயில் மாறும். முதன்மையானவற்றை வரிசையாகக் காண்போம்.

முதலாவது ‘வில்’. இது மூன்று வேலைகளைச் செய்யும். முன்னறிவிப்பு: “ஷீ வில் பாஸ்” – அவள் தேறிவிடுவாள். வாக்குறுதி: “ஐ வில் ரைட் டு யூ” – உனக்குக் கடிதம் எழுதுவேன். அந்த நொடியில் எடுக்கும் முடிவு: வாயிற்கதவு தட்டப்படுகிறது, “ஐ வில் ஓபன் இட்.” இந்த மூன்றாவது வேலையை நாம் நன்கு கவனிக்க வேண்டும். தமிழில் இவ்விடத்தில், “இருங்கள், நான் திறக்கிறேன்” என்று நிகழ்காலத்தில் சொல்வோம். விடைபெறும்போதும் “போய் வருகிறேன்” என்போம். இதை அப்படியே மாற்றி “ஐ ஆம் கமிங்” என்று சொல்லிவிட்டு எழுந்து போனால், ஆங்கிலேயர் ‘வருகிறேன் என்றவர் போகிறாரே’ என்று திகைப்பார்! நம் நிகழ்காலம் அவர்களுக்கு ‘வில்’ ஆகும் இடங்கள் உண்டு. நம் எதிர்காலம் அவர்களுக்கு நிகழ்காலம் ஆகும் இடங்களும் உண்டு.

மறுப்பிலும் ‘வில்’லின் பழைய விருப்பப் பொருள் தலைகாட்டும். “ஹீ வோன்ட் கம்” என்றால் ‘வரமாட்டேன் என்கிறான்’ என்று பொருள்படும். “த டோர் வோன்ட் ஓபன்” என்றும் சொல்வர். கதவுக்கு ஏது விருப்பம் என்று கேட்கவேண்டா. ‘கதவு திறக்கமாட்டேன் என்கிறது’ என்று நாமும் சொல்கிறோம் அல்லவா?

இரண்டாவது ‘கோயிங் டு’. முன்னரே மனத்தில் கொண்ட எண்ணத்துக்கும், கண்ணெதிரே அறிகுறி தெரியும் நிகழ்ச்சிக்கும் இது உரியது. “ஐ ஆம் கோயிங் டு லேர்ன் டைப்பிங்” – தட்டச்சுக் கற்கப்போகிறேன். ஏலகிரி மலைமேல் கருமேகம் திரண்டால் “இட் இஸ் கோயிங் டு ரெயின்” – மழை பெய்யப்போகிறது. தமிழரும் ஆங்கிலேயரும் ‘போ’ என்னும் ஒரே வினையை இதற்குக் கையாள்வது நமக்கு வாய்த்த நன்மை. தமிழில் ‘போகிறேன்’ என்று முடியுமிடத்தில் தயங்காமல் ‘கோயிங் டு’ போடலாம்.

மூன்றாவது தொடர் நிகழ்காலம். நாள் குறித்து, உரியவர்களோடு பேசி முடிவாகிவிட்ட ஏற்பாட்டுக்கு இது பொருந்தும். “வீ ஆர் மீட்டிங் த பையர் ஆன் மண்டே” – திங்களன்று கொள்முதலாளரைச் சந்திக்கிறோம். நாம் விரும்புவதோடு நில்லாமல் அவரும் இசைந்து, நேரமும் குறித்தாயிற்று என்பது இதன் உட்பொருள்.

நான்காவது தனி நிகழ்காலம். கால அட்டவணையால் அமைந்தவற்றுக்கு இது. காட்பாடி சந்திப்பில், “த ட்ரெயின் லீவ்ஸ் அட் செவன் டுமாரோ” என்பார்கள். பள்ளி திறக்கும் நாள், தேர்வு தொடங்கும் நாள், கப்பல் புறப்படும் நாள் ஆகியன எல்லாம் இவ்வகை.

ஐந்தாவது ‘வில் பி’ என்பதோடு ‘இங்’ ஈறு சேர்ந்த வடிவம். குறித்த ஒரு வேளையில் செயல் நடந்துகொண்டிருக்கும் என்பது பொருள். “அட் டென் ஓ’கிளாக் ஹீ வில் பி ரைட்டிங் ஹிஸ் எக்ஸாம்” – பத்து மணிக்கு அவன் தேர்வு எழுதிக்கொண்டிருப்பான்.

ஆறாவது ‘வில் ஹாவ்’ என்பதோடு முற்றுப்பெற்ற வினை. குறித்த வேளைக்கு முன்னே செயல் முடிந்துவிடும் என்பது பொருள். “பை ஃப்ரைடே வீ வில் ஹாவ் கட் ஆல் த லெதர்” – வெள்ளிக்கிழமைக்குள் தோல் முழுவதையும் வெட்டி முடித்திருப்போம். நம் ‘முடித்திருப்போம்’ என்பதே இதற்கு அளவுகோல். “இந்நேரம் அவர் வீடு சேர்ந்திருப்பார்” என்று ஊகித்துச் சொல்லும் இடத்திலும் ஆங்கிலத்தில் இதே வடிவம் வரும்: “ஹீ வில் ஹாவ் ரீச்ட் ஹோம் பை நௌ.”

ஏழாவது அருகி வருவது. “நெக்ஸ்ட் ஜூன் ஷீ வில் ஹாவ் பீன் டீச்சிங் ஃபார் டென் இயர்ஸ்” – வரும் ஜூனில் அவர் ஆசிரியப் பணியில் பத்தாண்டு நிறைவு செய்திருப்பார், பணியும் தொடர்கிறது. இவ்வடிவத்தை அறிந்து வைத்தால் போதும்; வலிந்து கையாள வேண்டா.

‘இஃப்’, ‘வென்’ வந்தால்…

பிழையின் இரண்டாவது ஊற்று ஒன்று உண்டு. ‘இஃப்’, ‘வென்’, ‘அன்டில்’, ‘பிஃபோர்’, ‘ஆஸ் சூன் ஆஸ்’ ஆகிய சொற்கள் தொடங்கும் துணை வாக்கியத்தில், பொருள் எதிர்காலமே ஆயினும், பொதுவாக ‘வில்’ வரலாகாது. “தோல் வந்தால் வெட்டத் தொடங்குவோம்” என்பதை “இஃப் த லெதர் அரைவ்ஸ், வீ வில் ஸ்டார்ட் கட்டிங்” என்று எழுதவேண்டும். “இஃப் த லெதர் வில் அரைவ்” என்பது பிழை.

இதை நினைவிற்கொள்ள எளிய வழி ஒன்று சொல்வோம். தமிழிலும் ‘வருவால்’ என்று எவரும் சொல்வதில்லை. ‘வந்தால்’ என்றே சொல்கிறோம். ‘வருவதும்’ என்னாமல் ‘வந்ததும்’ என்கிறோம். இனி வரப்போகும் தோலைப் பற்றிப் பேசும்போதும் எதிர்கால இடைநிலையை நாம் அங்கே சேர்ப்பதில்லை. ஆங்கிலமும் சேர்ப்பதில்லை. ஆனால் ‘வரும்வரை’, ‘வரும்போது’ என்னும் இடங்களில் தமிழ் எதிர்கால வடிவத்தை மேற்கொள்கிறது. மாணவர் வழுக்கும் இடம் இதுவே. “அவர் வரும்வரை காத்திருப்போம்” என்பது “வீ வில் வெயிட் அன்டில் ஹீ கம்ஸ்” ஆகும். ‘வில்’ வாக்கியத்தில் ஒருமுறைதான், அதுவும் தலைமை வினைக்குத்தான் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவையுங்கள்.

ஒரு கடிதம், நான்கு நிலைகள்

இவ்வளவும் அலுவலக மேசையில் எவ்வாறு பயன்படும்? அயல்நாட்டுக் கொள்முதலாளர் ஒருவர், ‘எம் சரக்கு எப்போது புறப்படும்?’ என்று கேட்டிருப்பதாகக் கொள்வோம். பதில் எழுத அமர்ந்தவர் முன்னே பல வாயில்கள் திறந்திருக்கின்றன.

“வீ ஹோப் டு ஷிப் ஆன் த டென்த்” என்று எழுதினால் அது நம்பிக்கை மட்டுமே. “வீ ஆர் கோயிங் டு ஷிப்” என்றால் அது எண்ணம். “வீ வில் ஷிப்” என்றால் அது வாக்குறுதி. படிப்பவர் அதைக் குறித்து வைத்துக்கொள்வார். “வீ ஆர் ஷிப்பிங் ஆன் த டென்த்” என்றால், பெட்டகம் பதிவாகிவிட்டது, கப்பலில் இடம் கிடைத்துவிட்டது, ஏற்பாடு முடிந்தது என்று அவர் கொள்வார். நாள் ஒன்றுதான், அதை நம்பி அவர் செய்யும் செலவோ வாக்கியத்துக்கு வாக்கியம் வேறுபடும்.

இதில் என்ன குடிமுழுகிவிடப்போகிறது என்று கேட்கலாம். ஏற்றுமதியில் பணம் பெரும்பாலும் ‘எல்.சி.’ எனப்படும் வங்கி உறுதிக் கடிதத்தின் வழியாக வருவதுண்டு. சரக்கைக் கப்பலில் ஏற்றவேண்டிய கடைசி நாள் அதில் குறிக்கப்பட்டிருக்கும். கப்பல் நிறுவனம் தரும் சரக்குச் சீட்டில் அந்நாளுக்குப் பிந்திய தேதி இருந்தால் வங்கி பணம் தர மறுக்கலாம். அப்போது கொள்முதலாளரிடம் திருத்தம் வேண்டி நிற்க நேரும். விலைக்குறைப்புக்கு இணங்க நேரும். வாரக் கூலியை எதிர்நோக்கியிருக்கும் தையற் பகுதிப் பெண்கள் வரை அதன் சுமை இறங்கக்கூடும். உறுதியில்லாத நாளுக்கு ‘ஹோப் டு’ அல்லது ‘எக்ஸ்பெக்ட் டு’ என்று எழுதி, காலக்கெடு போதாது என்பதை முன்னரே தெரிவித்தால், நாளை நீட்டித்துக்கொள்ள வழி பிறக்கும். கேட்பவர் மனம் குளிரட்டும் என்று எல்லாவற்றுக்கும் ‘வில்’ எழுதுவது நாணயமும் ஆகாது, நல்ல ஆங்கிலமும் ஆகாது.

திருமணத்திலும் காலம் உண்டு

காலவடிவம் மனிதரைக் கட்டுவது வணிகத்தில் மட்டும் நிகழ்வதன்று. திருச்சபைச் சட்ட வரலாற்றில் இதற்கு அரிய சான்று ஒன்று உண்டு. திருத்தந்தை மூன்றாம் அலெக்சாண்டர் (1159–1181) காலத்தில் திருமண ஒப்புதல் பற்றிய சட்டம் தெளிவு பெற்றது. ‘உன்னை மணப்பேன்’ என்று எதிர்காலச் சொற்களால் இருவர் ஒப்பினால் அது மணவுறுதி, நாம் நிச்சயதார்த்தம் என்போமே அது. ‘உன்னை ஏற்கிறேன்’ என்று நிகழ்காலச் சொற்களால் ஒப்பினால் அதுவே திருமணம். இலத்தீனில் இவற்றை ‘எதிர்காலச் சொற்கள்’, ‘நிகழ்காலச் சொற்கள்’ என்றே பெயரிட்டு வழங்கினர். சாட்சியின்றி மறைவாகச் செய்யப்பட்ட திருமணங்களால் விளைந்த குழப்பங்களைத் தீர்க்க, 1563-இல் திரெந்து பொதுச்சங்கம் பங்குக் குருவும் சாட்சிகளும் முன்னிற்க வேண்டும் என்று விதித்தது. அதற்கு முன்போ, மறைவில் நடந்த ஒப்பந்தம் திருமணமா, நிச்சயதார்த்தமா என்னும் வழக்கு நீதிமன்றம் ஏறினால், ‘அவர் எந்தக் காலத்தில் சொன்னார்?’ என்று விசாரிக்க வேண்டியிருந்தது! ஓர் இடைநிலையில் இரு குடும்பங்களின் வாழ்வு தொங்கிற்று.

பாலாறும் ‘ஷல்’லும்

சட்டத்தில் வரும் ‘ஷல்’லைப் பின்னர்க் காண்போம் என்றோம். அதற்கும் நம் ஊரே எடுத்துக்காட்டு. தோல் ஆலைகளின் கழிவுநீர் சுத்திகரிக்கப்படாமல் வயலிலும் வாய்க்காலிலும் விடப்பட்டு, முடிவில் பாலாற்றில் கலந்து, குடிநீரையும் விளைநிலத்தையும் கெடுத்ததை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. 1996 ஆகஸ்டு 28 அன்று நீதியரசர் குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்பளித்தது. மாசு செய்தவரே அதற்கான செலவை ஏற்கவேண்டும், கேடு வருமுன் காத்தல் வேண்டும் என்னும் இரு கோட்பாடுகளையும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதியாக அத்தீர்ப்பு ஏற்றது. வேலூரை உள்ளடக்கிய அன்றைய வட ஆர்க்காடு மாவட்டம் உட்பட ஐந்து மாவட்டங்களின் ஆலைகள் ஒவ்வொன்றும் ரூ. 10,000 அபராதம் செலுத்தவும், 1996 நவம்பர் 30-க்குள் சுத்திகரிப்பு ஏற்பாடுகளைச் செய்யவும் ஆணை பிறந்தது.

அத்தீர்ப்பின் ஆணைப் பகுதியில் ‘ஷல்’ என்னும் சொல் மீண்டும் மீண்டும் வருகிறது. அரசு ஓர் ஆணையத்தை அமைக்க ‘ஷல்’, ஆலைகள் அபராதம் செலுத்த ‘ஷல்’. இதைப் படிக்கும் மாணவன், ‘அமைக்கும்’, ‘செலுத்தும்’ என்று முன்னறிவிப்பாக மொழிபெயர்த்தால் தீர்ப்பின் உயிரே போய்விடும். ‘அமைக்க வேண்டும்’, ‘செலுத்த வேண்டும்’ என்பதே சரியான தமிழ். வீட்டு வாடகை ஒப்பந்தமோ, வேலை நியமனக் கடிதமோ, கடன் பத்திரமோ ஆங்கிலத்தில் வந்தால் ‘ஷல்’ நிற்கும் இடங்களைப் பென்சிலால் கோடிட்டுப் பாருங்கள். உங்கள் பெயரை அடுத்து எத்தனை ‘ஷல்’ இருக்கின்றனவோ அத்தனை கடமைகளுக்கு நீங்கள் கையெழுத்திடுகிறீர்கள்.

‘ஷல்’ என்று எழுதிய அளவிலே காரியம் தானாக நிறைவேறுவதுமில்லை. ஏறத்தாழ இருபத்தெட்டு ஆண்டுகள் கழித்து, 2025 ஜனவரி 30 அன்று, வேலூர்ப் பகுதித் தோல் ஆலைகளின் மாசு குறித்தும், பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்குரிய இழப்பீடு குறித்தும் உச்ச நீதிமன்றம் மீண்டும் விரிவாகத் தீர்ப்பளிக்க நேர்ந்தது. அந்த வேலைகளால் வாழ்வோரும் நம் பங்கு மக்களே. அந்த நீரைக் குடித்தோரும் நம் பங்கு மக்களே. கட்டளைச் சொல்லின் பொருளை அறிந்த பிள்ளைகள் நாளை அவ்வலுவலகங்களில் அமர்வார்களாயின், ஏட்டில் இருக்கும் ‘ஷல்’ நிலத்துக்கும் ஆற்றுக்கும் வந்து சேர அது ஓரளவேனும் துணைபுரியும்.

வீட்டுப் பயிற்சி

கீழ்க்காணும் ஆறு வாக்கியங்களையும் பிள்ளைகளை ஆங்கிலத்தில் எழுதச் செய்யுங்கள். ஒவ்வொன்றுக்கும் எந்த வாயில் ஏற்றது, ஏன் என்று வாய்விட்டுச் சொல்லச் செய்வது அதனினும் நன்று.

1. பாட்டி ஞாயிறுதோறும் காலைத் திருப்பலிக்குப் போவார்.

2. தொலைபேசி ஒலிக்கிறது; நான் எடுக்கிறேன்.

3. வானம் இருண்டுவிட்டது, மழை பெய்யப்போகிறது.

4. அண்ணன் ஊருக்கு வந்ததும் நாங்கள் ஏலகிரிக்குப் போவோம்.

5. சனிக்கிழமைக்குள் ஐந்நூறு ஜோடியும் தைத்து முடித்திருப்போம்.

6. அக்காவுக்கு நாளை மறுநாள் நிச்சயதார்த்தம்; அத்தையும் மாமாவும் வருகிறார்கள்.

முதல் இரண்டிலும் தமிழ் காட்டும் காலமும் ஆங்கிலம் வேண்டும் காலமும் வேறு வேறு என்பதை மறவாதீர்கள். நான்காவதில் ‘வில்’ ஒரே ஒரு முறைதான் வரவேண்டும். ஆறாவதில் தமிழ் உங்களுக்கு முழுத் துணை செய்யும். விடைகளை அடுத்த இதழில் தருவோம். அத்துடன் ‘வுட்’, ‘ஷுட்’ என்னும் இரண்டையும் எடுத்துக்கொள்வோம். அதற்குள் வீட்டில் உள்ள ஆங்கிலப் பத்திரம் ஒன்றையேனும் எடுத்து, அதில் ‘ஷல்’ எத்தனை முறை வருகிறது என்று எண்ணி வைத்திருங்கள்.